தொட்டது தெரிகிறதா?

சர்க்கரை நோய்க்காரர்களின் பாதத்தைச் சோதிக்க மருத்துவமனைகளில் ஒரு சின்னக் கருவி இருக்கும். பேனா அளவுக்கு ஒரு கைப்பிடி, அதன் நுனியில் விறைப்பான ஒரு நைலான் இழை. மின்சாரம் வேண்டாம், திரை வேண்டாம், காகிதச் சுருள் வேண்டாம். எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் இந்தச் சோதனை இரண்டு மொழியில் நடக்கும். "கண்ணை மூடிக்கோங்க தாத்தா. நான் தொடறப்போ ஆமான்னு சொல்லுங்க" என்பார் செவிலியர். அடுத்து வந்து உட்காரும் அம்மாவிடம் அதையே தெலுங்கில் சொல்வார். இழை பாதத்தில் படும், லேசாக வளையும், எடுபடும். மூளை ஆராய்ச்சியின் நயம் எல்லாம் பெரிய இயந்திரங்களில்தான் இருக்கிறது என்று நினைப்பவர்கள் இதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் அந்த வளைவைப் பாருங்கள். ஒல்லியான இழையை நுனியில் வைத்து அழுத்தினால் ஓர் எல்லைவரை அது நிமிர்ந்து தாங்கும். எல்லை தாண்டியதும் வளைந்துவிடும். வளைந்த பிறகு மேலும் அழுத்தினாலும் வளைவுதான் கூடும். தோலில் இறங்கும் விசை ஏறக்குறைய மாறாது. பாதச் சோதனைக்கு வைத்திருக்கும் இழை 10 கிராம் எடையின் அழுத்தத்தில் வளைவது. சோதிப்பவர் காலையில் தெம்பாக இருக்கலாம், மாலையில் அலுத்துப்போயிருக்கலாம். கை நடுங்கலாம், அவசரப்படலாம். நோயாளியின் தோலுக்கு இது எதுவும் தெரியாது. அதற்குப் போய்ச் சேர்வது அந்தப் பத்துக் கிராம்தான். மனிதக் கையின் தடுமாற்றத்தை மனிதக் கையில் இருக்கும் இழையே வாங்கிக்கொள்கிறது. இதைவிடச் சிக்கனமான ஒரு அளவுகோலை நான் பார்த்ததில்லை.

அடுத்தது, தொடாமலே கேட்பது. தேர்ந்த செவிலியர் ஒரே தாளத்தில் தொட்டுக்கொண்டு போகமாட்டார். தாளம் பிடிபட்டுவிட்டால் உணர்ச்சியே இல்லாத பாதத்துக்காரரும் சரியான நேரத்தில் "ஆமா" சொல்லிவிடுவார். அவர் பொய் சொல்ல நினைத்திருக்கமாட்டார். கேட்பவரை ஏமாற்றமடைய விடக்கூடாது என்ற நல்ல மனசு போதும். அதனால் நடுவில் ஒருமுறை, இழையை எங்கும் வைக்காமல், "இப்போ தெரியுதா?" என்று கேட்க வேண்டும். "இல்லையேம்மா" என்று பதில் வந்தால், அதற்கு முன்னால் வந்த அத்தனை "ஆமா"வுக்கும் அப்போதுதான் மதிப்பு ஏறுகிறது. பிறகு "எந்த இடம்? பெருவிரலா, குதிகாலா?" என்ற கேள்வி. ஒருவரின் உள்ளே மட்டும் நடக்கிற ஒன்றை வெளியே இருப்பவர் நம்பத்தக்க செய்தியாக மாற்றுவதற்கு இத்தனை ஏற்பாடு. மனத்தையும் மூளையையும் ஆராயும் முறைகள் எவ்வளவு வளர்ந்திருந்தாலும் அவற்றின் முதுகெலும்பு இந்த ஏற்பாடுதான் என்பது என் எண்ணம்.

இந்த இழைக்கு நல்ல வம்சம் உண்டு. 1890களில் ஜெர்மனியில் மாக்ஸ் ஃபான் ஃப்ரை என்ற உடலியலாளர் குதிரை மயிரைக் குச்சி நுனியில் பொருத்தித் தோலின் உணர்வுப் புள்ளிகளைத் தேடினார். மயிர் ஈரக்காற்றில் தளரும், ஒன்றுபோல் இன்னொன்று கிடைக்காது. நைலான் வந்ததும் அந்தக் குறை தீர்ந்தது. ஜோசஃபின் செம்ஸ், சிட்னி வைன்ஸ்டைன் என்ற இரு உளவியலாளர்கள் நைலான் இழைகளைத் தடிமன் வாரியாக அடுக்கி ஒரு தொகுப்பாக்கினார்கள். எதற்கு? போரில் குண்டு பாய்ந்து மூளையில் காயம்பட்டவர்களின் கைகளில் தொடுவுணர்வு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளக்க. அவர்கள் ஆய்வு 1960இல் நூலாக வந்தது. மூளைக்காகப் பிறந்த இழை பாதத்துக்கு வந்து சேர்ந்ததற்கு நடுவில் நம் வேலூர் வருகிறது.

சித்தூரில் ஒருவர் "வேலூருக்குப் போய்வந்தேன்" என்றால் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை, உடம்புக்கு என்ன என்றுதான் கேட்பார்கள். 1911இல் மாவட்டம் பிரியும்வரை சித்தூரும் வேலூரும் ஒரே வட ஆற்காடு. காசநோய், கண், மூளை என்றெல்லாம் பிரித்துப் பேசாமல் "பெரிய ஆஸ்பத்திரி" என்ற ஒரே சொல்லில் வேலூர் சிஎம்சி மருத்துவமனையைக் குறிக்கும் பழக்கம் எல்லைக்கு இந்தப் பக்கமும் உண்டு. அந்த மருத்துவமனைக்கு 1946இல் பால் பிராண்ட் வந்தார். 1914இல் கொல்லிமலையில், பாதிரிமார் குடும்பத்தில் பிறந்தவர். அறுவை மருத்துவர்.

செங்கல்பட்டில் தொழுநோயாளிகளைப் பார்க்கப் போன இடத்தில், விரல்கள் மடங்கி இறுகிப்போன ஒருவரிடம் தன் கையைக் கொடுத்து முடிந்தவரை பிடித்து அழுத்தச் சொன்னார் பிராண்ட். வலியில் கத்தும் அளவுக்கு இருந்தது அந்தப் பிடி. செத்துப்போன கை என்று ஊரே ஒதுக்கிவைத்த கைக்குள் வலுவான தசைகள் இருந்தன. அதற்குப் பிறகுதான் அவருடைய பொறுமை தொடங்குகிறது. நோயாளி நோயாளியாக, தசை தசையாக, எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை, எங்கே உணர்வு இருக்கிறது, எங்கே நின்றுபோகிறது என்று குறித்துக்கொண்டே போனார்கள். குறிப்புகள் சேரச் சேர ஓர் ஒழுங்கு தெரிந்தது. நரம்புகள் எங்கும் ஒரேமாதிரி கெடவில்லை. முழங்கை, மணிக்கட்டு போல நரம்பு தோலுக்கு அருகே, குளிர்ச்சியான இடத்தில் ஓடும்போது கெடுகிறது. முன்கைத் தசைகளில் பல தப்பிவிடுகின்றன. தப்பிய தசையின் நாணை எடுத்து, செயலற்ற விரலுக்கு இழுத்துக் கட்டலாம் என்ற துணிச்சல் அந்தப் பட்டியலிலிருந்து வந்தது. 1948 முதல் வேலூரில் அந்த அறுவைகள் நடந்தன.

அறுவை முடிந்தபின் நடப்பது மூளைக்காரர்களுக்கான பாடம். கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவர வேண்டுமானால், மோதிர விரலை மடக்கும் நாண்களில் ஒன்றை எடுத்து அதற்குக் கொடுப்பதுண்டு. கட்டு பிரித்த பிறகு பயிற்சி தருபவர் "மோதிர விரலை மடக்குங்க" என்பார். நோயாளி மோதிர விரலை நினைத்து மடக்குவார், கட்டைவிரல் நகரும். அவர் திகைத்துப் பார்ப்பார். நாள்பட்ட பயிற்சியில் அந்தச் சுற்றுவழி மறந்து, கட்டைவிரலை நினைத்தாலே கட்டைவிரல் வரும். நாணை இடம் மாற்றியது கத்தி. எந்த நினைப்புக்கு எந்த அசைவு என்ற கணக்கை மாற்றி எழுதியது அந்த மனிதரின் மூளை. ஸ்கேன் எதுவும் இல்லாத காலத்தில், வாய்ச்சொல்லையும் விரல் அசைவையும் மட்டும் வைத்து இதை அவர்கள் கண்டார்கள்.

பிராண்ட் சொல்லிய இன்னொரு நிகழ்ச்சி உண்டு. துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்து சாவியைத் திருப்பித் திறந்துவிட்டான். எலும்பும் தோலுமான பையனுக்கு எங்கிருந்து இந்தப் பலம் என்று அவன் விரலைப் பார்த்தால், எலும்புவரை கிழிந்து ரத்தம் சொட்டுகிறது; அவனுக்குத் தெரியவில்லை. இதைப் பார்த்து இரங்கிவிட்டுப் போக யாராலும் முடியும். பிராண்ட் அதிலிருந்து ஒரு கேள்வியை எடுத்தார்: நோய் சதையைத் தின்கிறதா, அல்லது வலி தெரியாத கை தன்னைத்தானே தேய்த்துக்கொள்கிறதா? இரண்டாவதே சரி என்று காயங்களை ஒவ்வொன்றாகத் துரத்திப்போய் நிலைநாட்டினார்கள். 1955இல் காட்பாடிக்குப் பக்கத்தில் காரிகிரியில் தொழுநோய் ஆய்வு மையம் எழுந்தது. 1966இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். எவ்வளவு அழுத்தம் தெரியாமல் போனால் பாதம் ஆபத்தில் இருக்கிறது என்ற வரம்பாக 10 கிராம் இழையை முன்வைத்தது அந்தக் கார்வில் குழாம்தான். அங்கிருந்து அது உலகத்துச் சர்க்கரை நோயாளிகளுக்கெல்லாம் பொதுவாயிற்று.

அதே வேலூரில், அதே காலத்தில், இன்னொரு கட்டடத்தில் இன்னொரு மரபு வந்து இறங்கியது. 1949இல் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை அங்கே தொடங்கினார். அவர் பயின்றது மான்ட்ரியலில், வைல்டர் பென்ஃபீல்டிடம்.

பென்ஃபீல்டின் அறுவை அரங்கை நினைத்துப் பார்க்கிறேன். வலிப்பு நோயாளி விழித்தே இருக்கிறார். மண்டைத்தோலுக்கு மட்டும் மரப்பு மருந்து. மூளைக்குத் தன்னைத் தொட்டால் வலிக்காது. மெல்லிய மின்முனையால் புறணியில் ஒரு புள்ளியைத் தொடுகிறார் மருத்துவர். "என்ன தெரிகிறது?" நோயாளி சொல்கிறார்: கட்டைவிரலில் ஒரு குறுகுறுப்பு. சொன்ன இடத்தில் எண் எழுதிய ஒரு குட்டிக் காகிதச் சீட்டை வைக்கிறார்கள். அடுத்த புள்ளி, அடுத்த எண். கடைசியில் மூளையின் மேல் சீட்டுகள் சிதறிக் கிடக்க ஒரு புகைப்படம். எந்த எண்ணுக்கு எந்தச் சொல் என்ற பதிவு பக்கத்தில். இங்கும் பாதச் சோதனையின் அந்தப் பழைய எச்சரிக்கை இருக்கிறது: தொடாமலே தொட்டதாகச் சொல்லிக் கேட்பார், சொல்லாமலே தொடுவார். அப்படி நூற்றுக்கு மேற்பட்டவர்களிடம் சேர்த்த புள்ளிகளை 1937இல் வெளியிட்டபோது, உடல் முழுதும் மூளைப் புறணியில் ஒரு வரிசையாகக் கிடப்பது தெரிந்தது. உச்சியில் கால், இறங்கினால் உடம்பு, தோள், கை, விரல்கள். கட்டைவிரலைத் தாண்டியதும் முகம். உடம்பில் முழ நீளம் தள்ளி இருக்கும் கையும் முகமும் மூளையில் அண்டை வீடு. நோயாளியின் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு என்ற எளிய கணக்கில் இது கிடைத்தது.

இந்த அண்டை வீட்டுச் செய்தியை வைத்துக்கொண்டு, அறுவை அரங்கமே இல்லாமல், காது குடையும் பஞ்சுக் குச்சியோடு வந்தவர் விளையனூர் எஸ். ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜ் வழியாகக் கலிஃபோர்னியா சான் டியாகோ போனவர். 1991இல் டிம் பான்ஸ் குழுவினரின் ஒரு கட்டுரை வந்தது. கையிலிருந்து வரும் நரம்புகள் துண்டிக்கப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஆன குரங்குகளின் முகத்தைத் தொட்டால், மூளையில் கைக்குரிய பகுதி துடித்தது. குரங்கிடம் "உனக்கு என்ன தெரிகிறது" என்று கேட்க முடியாது. மனிதரிடம் கேட்கலாமே என்பதுதான் ராமச்சந்திரனுக்குத் தோன்றியது.

கார் விபத்தில் இடக்கையை முழங்கைக்கு மேலே இழந்த 17 வயது இளைஞர். விபத்து நடந்து நான்கு வாரம்தான். ராமச்சந்திரன் தன் நூலில் அவருக்கு வைத்த புனைபெயர் டாம். இல்லாத கை இருப்பதாகவே அவருக்கு உணர்வு. கண்ணைக் கட்டி, பஞ்சால் உடம்பில் அங்கங்கே தொட்டு, எங்கே தெரிகிறது என்று கேட்டார்கள். கன்னத்தைத் தொட்டபோது கன்னம் என்றவர், கூடவே இல்லாத கையின் கட்டைவிரல் என்றும் சொன்னார். மேலுதட்டில் வைத்தால் சுட்டுவிரல். தாடையில் வைத்தால் சுண்டுவிரல். முகத்தில் ஒரு முழுக் கை படுத்திருந்தது. மீந்திருந்த மேற்கையிலும் இன்னொரு கை வரைபடம். வெதுவெதுப்பான நீரை முகத்தில் விட்டால் இல்லாத கையிலும் வெதுவெதுப்பு. மறுபடி சோதித்தபோதும் வரைபடம் இடம் மாறவில்லை. 1992இல் ‘சயின்ஸ்’ இதழில் இது வந்தது.

இதில் நான் ரசிப்பது கேள்வியின் அமைப்பை. அந்த இளைஞர் கற்பனை செய்கிறார், மருத்துவரைத் திருப்திப்படுத்தச் சொல்கிறார் என்று ஒருவர் ஐயப்படலாம். ஆனால் கை மூளையில் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? இட்டுக்கட்டுகிறவர் தோளைத் தொட்டால் கை என்பார், அதுதானே உடம்பில் பக்கம். முகத்தைச் சொல்லமாட்டார். அதுவும் விரல் விரலாக, எல்லை பிசகாமல், மறுமுறை கேட்டாலும் மாறாமல். நோயாளிக்குத் தெரிய வழியே இல்லாத ஒரு வரைபடத்தோடு அவருடைய சொல் பொருந்திப்போகிறது. சாட்சியை அவருக்கே தெரியாத இடத்தில் சரிபார்க்கும் இந்த வித்தையால்தான் ஒரே ஒரு நோயாளியும் ஒரு பஞ்சுக் குச்சியும் உலகை நிமிர்ந்து உட்கார வைத்தன. கைக்குரிய பகுதி வேலையின்றிக் கிடக்க, அண்டையிலிருந்த முகம் அங்கே குடியேறிவிட்டது என்று ராமச்சந்திரன் விளக்கினார்.

சொல்லை மட்டும் வைத்து நிற்காமல் அவர்கள் இயந்திரத்துக்கும் போனார்கள். எம்இஜி என்பது மூளை நரம்பணுக்களின் மின்னோட்டத்தால் தலைக்கு வெளியே எழும் காந்தப்புலத்தைப் பிடிப்பது. அந்தப் புலம் பூமியின் காந்தப்புலத்தில் பல கோடியில் ஒரு பங்கு. காந்தம் புகாத அறைக்குள் வைத்தால்தான் அகப்படும். 1994இல் அந்த முறையில் பார்த்தபோது, கை இழந்தவர்களின் முகத்தைத் தொட்டதும் கைக்குரிய பகுதியிலிருந்தே சமிக்ஞை வந்தது. விளக்கம் உறுதியானதுபோலத் தெரிந்தது. பாடநூல்களில் ஏறியது.

இங்கேதான் எஃப்எம்ஆர்ஐ வருகிறது. திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனையிலோ வேலூரிலோ நம்மவர்கள் எடுத்துக்கொள்ளும் எம்ஆர்ஐ மூளையின் வடிவத்தைக் காட்டும். எஃப்எம்ஆர்ஐ எடுக்கப்படும்போது நீங்கள் ஏதோ செய்துகொண்டிருக்க வேண்டும்: விரலை மடக்க வேண்டும், படத்தைப் பார்க்க வேண்டும். வேலை செய்யும் பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது; ஆக்சிஜன் ஏந்திய ரத்தமும் ஏந்தாத ரத்தமும் காந்தத்தில் வேறு வேறு விதமாக நடந்துகொள்கின்றன. 1990இல் செய்ஜி ஒகாவா இந்த வேறுபாட்டைப் படமாக்க வழி காட்டினார். விரல் அசைந்து ஐந்தாறு விநாடி கழித்துத்தான் ரத்தத்தின் பதில் உச்சத்துக்கு வரும். மாற்றமும் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு. இரண்டு மூன்று மில்லிமீட்டர்க் கட்டம் ஒவ்வொன்றிலும் லட்சக்கணக்கான நரம்பணுக்கள் அடங்கிவிடும். ஆகவே, பத்திரிகைகளில் சிவப்பும் மஞ்சளுமாக வரும் படம் நேரே எடுத்த ஒளிப்படம் இல்லை. ‘அசைத்தபோது’ என்பதிலிருந்து ‘சும்மா இருந்தபோது’ என்பதைக் கழித்து, பலமுறை சேர்த்து, சராசரி பார்த்து எழுதிய தீர்ப்பு.

தீர்ப்பு பிழையாகவும் கூடும். ஐம்பதாயிரம் கட்டங்களைத் தனித்தனியே சோதித்து, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு ஐந்து தவறலாம் என்று விட்டுவைத்தால், வெறும் தற்செயலிலேயே 2,500 கட்டங்கள் ஒளிரும். இதைக் காட்டுவதற்கென்றே 2009இல் கிரெய்க் பென்னெட்டும் தோழர்களும் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனரில் கிடத்தி, மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். திருத்தமில்லாக் கணக்கில் மீனின் மூளையிலும் புள்ளிகள் ஒளிர்ந்தன. முறையான திருத்தம் செய்ததும் எல்லாம் அணைந்தன. பலர் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அது பாதத்தைத் தொடாமல் "இப்போ தெரியுதா?" என்று கேட்ட செவிலியரின் அதே நேர்மை. அவர் மனிதரிடம் கேட்டதை இவர்கள் இயந்திரத்திடம் கேட்டிருக்கிறார்கள்.

இந்த எஃப்எம்ஆர்ஐயைக் கொண்டு நரம்பியல் ஆய்வாளர் தமார் மாக்கினின் குழு ராமச்சந்திரனின் கேள்வியையே திருப்பிப் போட்டது. முகத்தைத் தொடுவதற்குப் பதில், கை இழந்தவர்களிடம் இல்லாத விரல்களை அசைக்கச் சொன்னார்கள். 2013இல் வந்த முடிவு: கைக்குரிய பகுதி காலியாக இல்லை. இல்லாத விரல் அசையும்போது அது உயிரோடு ஒளிர்கிறது. வலி அதிகமுள்ளவர்களிடம் இன்னும் அதிகமாக. அப்படியானால் முகம் குடியேறியது என்பது என்னவாயிற்று? ஆனாலும் அந்த ஆய்வில் ஒரு ஓட்டை இருந்தது, அவர்கள் அதை அறிந்தே இருந்தார்கள். கை போன பிறகு எடுத்த படத்தை மற்றவர்களின் படத்தோடுதான் ஒப்பிட முடிந்தது. அதே மனிதரின் முந்தைய மூளை எப்படி இருந்தது என்று சொல்ல ஆளில்லை.

அந்த ஓட்டையை அடைத்த விதம்தான் இந்தத் துறையில் நான் படித்தவற்றில் மிகவும் மதிப்பது. மருத்துவக் காரணங்களால் கையை எடுக்க நாள் குறிக்கப்பட்ட மூவரை, அறுவைக்கு முன்பே ஸ்கேனரில் படுக்கவைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அசைக்கச் சொன்னார்கள். உதட்டைக் குவிக்கச் சொன்னார்கள். அறுவைக்குப் பின் மாதங்கள் கழித்து, ஆண்டுகள் கழித்து, ஒருவரிடம் ஐந்து ஆண்டுகள் கழித்தும், அதையே மறுபடி செய்யச் சொன்னார்கள். கை இருந்தபோது எடுத்த படங்களை வைத்து ‘இது சுட்டுவிரல், இது சுண்டுவிரல்’ என்று ஒரு கணினி நிரலுக்குப் பழக்கிவிட்டு, கை போன பிறகு எடுத்த படத்தைக் கொடுத்தார்கள். எந்த விரலை அசைக்க முயல்கிறார் என்று அது சரியாகச் சொன்னது. உதட்டின் பகுதி கையின் பகுதிக்குள் நுழையவில்லை. ஹன்டர் ஷோனும் கிறிஸ் பேக்கரும் மாக்கினும் சேர்ந்து 2025இல் ‘நேச்சர் நியூரோசயின்ஸ்’ இதழில் இதை வெளியிட்டார்கள்.

டாம் சொன்னது இதனால் பொய்யாகிவிடவில்லை. கன்னத்தில் வைத்த பஞ்சு அவருடைய இல்லாத கட்டைவிரலில் தெரிந்தது. அது சோதித்து நிறுவப்பட்ட செய்தி. அதற்கு மேல் கட்டிய விளக்கம்தான் ஆடிப்போயிருக்கிறது. கன்னத்தின் செய்தி எந்த இடத்தில் கைக்கும் கேட்கிறது, புறணியிலா, அதற்குக் கீழே மூளைத்தண்டிலா என்ற கேள்வியில் இப்போது வாதம் நடக்கிறது. அதைத் தீர்க்கப் பஞ்சுக் குச்சியும் வேண்டும், ஸ்கேனரும் வேண்டும். கை போகப்போகிறது என்று தெரிந்த நாட்களில், சத்தம் போடும் அந்தக் குழாய்க்குள் அசையாமல் கிடந்து, சொன்ன விரலைச் சொன்னபோது மடக்கிக் கொடுத்த அந்த மூவரைப் போல இன்னும் சிலரும் வேண்டும்.